எவ்வளவு சங்கடம் என்று கேட்டால்

எங்கள் டிஸ்பென்சரியில் யாரிடமும் "எவ்வளவு வலிக்கிறது?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் பதில் வரும். ஆனால் அந்தப் பதிலை நம்பி மருந்து கலக்க முடியாது.

பெண்பிள்ளையாக இருந்தும் நான் கம்பவுண்டர் படிப்பு முடித்துத் தேறி, அருமனைப் பக்கம் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்த மிஷன் டிஸ்பென்சரியில் சேர்ந்த முதல் வாரமே இது விளங்கிவிட்டது. எதையும் வரிசைப்படுத்தி வைக்காவிட்டால் எனக்கு மனம் அடங்காது. ஆகவே ஊரார் சொல்லும் சொற்களையும் கீழிருந்து மேலாக அடுக்கிக்கொண்டேன். "செத்தேன், இனிப் பிழைக்க மாட்டேன்" என்று வாசற்படியிலேயே சாய்கிறவருக்கு அஜீரணம். "உயிர் போவுது" என்றால் பல்வலி. "தாங்க முடியல்ல" என்றால் சிரங்கு, இல்லாவிட்டால் மாமியார். "ஒருமாதிரி இருக்கு" என்று ஒருவர் சொன்னால் அவரை உட்கார வைக்க வேண்டும். "ஒண்ணும் இல்ல, இந்த வழியா வந்தேன், சும்மா ஏறினேன்" என்று சொல்லிக்கொண்டு யாராவது பெஞ்சின் ஓரத்தில் அடக்கமாக உட்கார்ந்தால், கையில் இருக்கும் புட்டியைக் கீழே வைத்துவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட ஓட வேண்டும். அப்படிச் சும்மா ஏறின ஒருவர் பனையிலிருந்து விழுந்து விலா எலும்பு முறிந்தவர். நடந்தே வந்திருந்தார். வரும் வழியில் சந்தையில் வெற்றிலையும் வாங்கியிருந்தார்.

டாக்டரம்மா வெள்ளைக்காரர். நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே இந்த ஊருக்கு வந்துவிட்டவர். என் வரிசை அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "செத்தேன்" என்கிறவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சோடா மிக்சர் எழுதுவார். "ஒண்ணும் இல்ல" என்கிறவருக்கு மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்காலோடு முழங்கால் படும்படி எதிரே உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "நாக்க நீட்டு" என்பார். சத்தமே உயராது. அந்தக் குரல் கேட்டதும் வெளியே காத்திருக்கும் கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கும். யாருக்கோ பெரிதாக ஏதோ என்று அதற்கு அர்த்தம்.

வீடுகளுக்குப் போனாலும் அவருக்கு ஊர் வழக்கம் அத்துப்படி. பிரசவம் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது வீட்டுக்காரி வாசலில் மறித்து, சாப்பிடாமல் போகக் கூடாது என்று மூன்று தடவை நிர்ப்பந்திப்பாள். நிர்ப்பந்திக்காதவளை எங்கள் பக்கம் மனுஷியாக மதிக்க மாட்டார்கள். அடுப்பில் என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம். பெரும்பாலும் அடுப்பே எரியாது. விருந்தாளி மூன்று தடவையும் மறுக்க வேண்டும், அதுதான் முறை. வடக்கே இருந்து புதிதாக வந்த ஒரு பிரசங்கியார் இது தெரியாமல் இரண்டாவது தடவையிலேயே "சரி" என்று உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் முட்டையிடும் கோழி ஒன்றுதான் இருந்தது. அதைத் துரத்திப் பிடிக்க மொத்தக் குடும்பமும் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் ஓடியது. டாக்டரம்மாவோ மூன்று தடவையும் சிரித்துக்கொண்டு, "இருக்கட்டு, பின்ன ஒரு நாளைக்கு ஆவட்டும்" என்று எங்கள் இழுப்போடு சொல்லிவிட்டுக் குடையை விரிப்பார். மூன்றாவது மறுப்பில் வீட்டுக்காரியின் முகத்தில் பரவும் நிம்மதியை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவர்தான் ஏமாந்தார். அதைத்தான் எழுத வந்தேன்.

டாக்டரம்மா ஊருக்குத் திரும்புவதாக முடிவானது. இங்கிலாந்தில் ஒரு கடலோர ஊரில் அவருடைய அக்காள் தனியாக இருந்தார். அக்காளுக்குக் கண் பார்வை குறைந்துகொண்டே வந்தது. வருகிற கடிதங்களைப் பார்த்தாலே தெரியும். ஒவ்வொன்றிலும் எழுத்து பெரிதாகிக்கொண்டே போய், கடைசியில் ஒரு வரியில் மூன்று வார்த்தைதான் அடங்கிற்று. இனிமேல் இருவருமாக ஒரு வீட்டில் இருப்பது, அக்காளுக்குப் பேப்பர் படித்துச் சொல்வது என்று டாக்டரம்மா தீர்மானித்தார். தூத்துக்குடியில் படகேறிக் கொழும்பு, அங்கிருந்து கப்பல். சீட்டு வாங்கியாயிற்று. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் ஒரு முறை டாக்டர் வந்து போவார், மற்ற நாட்களில் டிஸ்பென்சரிச் சாவி என்னிடம் இருக்கும் என்று ஏற்பாடு.

பங்களாவில் இருந்த சாமான்களை அவர் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். சாய்வு நாற்காலி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியருக்கு. கம்பி வலை போட்ட சாப்பாட்டு அலமாரி, சபையில் வேதம் சொல்லும் உபதேசியார் வீட்டுக்கு. நிலைக்கண்ணாடி, பங்களாவில் சமைக்கும் குசினிக்காரர் மகளின் கல்யாணத்துக்கு. எனக்கு ஒரு தராசு. மருந்துப் பொடி நிறுக்கும் சிறிய பித்தளைத் தராசு. நான் கேட்டிருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

பிறகு பிரிவுபசாரக் கூட்டத்தில் வாசித்துக் கொடுக்கும் உபசாரப் பத்திரம் எழுதும் வேலை தொடங்கியது. தலைமையாசிரியர்தான் எழுதினார். ஊரில் எல்லோரும் அவரை 'ஸார்' என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பக்கத்துச் சபையார் தங்கள் வெள்ளைக்காரப் பாதிரியாருக்கு ஆங்கிலத்தில்தான் கொடுத்தார்கள், சரிகைத் துணியில் அச்சடித்து. ஸாரின் முதல் பிரதியில், தாங்கள் போவதில் நாங்கள் மிகவும் வருந்துகிறோம் என்று இருந்தது. உபதேசியார் அதைத் தமிழில் சொல்லக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இது பால்காரன் வராததுக்குச் சங்கடப்படுத மாதிரி இல்லா இருக்கு, ஸார்."

எங்கள் பக்கம் வருத்தத்தைச் சங்கடம் என்றுதான் சொல்வார்கள். ஸாருக்குச் சுரீரென்றது. மறுநாள் வருத்தத்தை ஏற்றிக்கொண்டு வந்தார். உபதேசியார் இன்னும் கொஞ்சம் என்றார். ஸாருக்கு ஆங்கிலத்தில் ஓர் உபாயம் தெரியும்: வருத்தத்தின் அளவைச் சொல்ல முடியாதபோது அதைக் கேள்வியாக்கிவிடுவது. எங்கள் துயரம் எவ்வளவு ஆழம் என்று தாங்கள் அறிவீர்களோ? இந்தக் கண்கள் எத்தனை நீர் சிந்தும் என்று யாரால் கூற இயலும்? தங்களை இழந்தபின் நாங்கள் எங்ஙனம் உயிர் வாழ்வோம் என்று எமக்கே தெரியவில்லை. இந்த ரீதியில் இரண்டு பக்கம். கடைசியில், வாசலில் மறிக்கிற முறைப்படி மூன்று தடவை: போகாதிருப்பீரா, போகாதிருப்பீரா, போகாதிருப்பீரா.

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் எழுத்துப் பிழை பார்க்கக் கொடுத்தார். பிழை ஒன்றும் இல்லை. கொஞ்சம் குறைக்கலாமே என்று மட்டும் சொன்னேன்.

"மருந்துதான் மக்கா அளந்து குடுக்கணும்" என்றார் ஸார். "சங்கடத்தையும் அவுன்ஸ் கிளாஸ்ல ஊத்தியா பாப்பே?"

கூட்டம் எங்கள் மிஷன் கோயிலில் நடந்தது. ஸார் வாசித்தார். அவர் குரல் எங்கே தழுதழுக்கிறதோ அங்கே அழ வேண்டும் என்று பெண்கள் பக்கம் தெரிந்துகொண்டு அழுதார்கள். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் ஓர் இடம்கூடத் தவறவில்லை. உபதேசியார் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மூன்றாவது 'போகாதிருப்பீரா'வுக்கு ஆண்கள் பக்கமும் மூக்கை உறிஞ்சினார்கள். எல்லாம் முறைப்படி, குறைவில்லாமல் நடந்தது. டாக்டரம்மா பதில் சொல்ல எழுந்தார். வாயைத் திறந்தார், மூடினார், உட்கார்ந்துவிட்டார். அது முறையில் இல்லை.

மறுநாள் காலை நான் மிக்சர்ப் புட்டிகளில் வேளைக் கணக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா வந்து எதிரே நின்றார். வேலையைப் பற்றி அவர் என்னிடம் தமிழில் பேசுவார், மற்ற எதையும் ஆங்கிலத்தில். அன்று பேசியது ஆங்கிலம். இவ்வளவு வருஷம் இருந்தும் இவர்கள் தன்னை எவ்வளவு நேசிக்கிறார்கள் என்று தனக்குத் தெரியவே இல்லையே என்றார். தான் போகப் போவதில்லை என்றார். அக்காளுக்குத் தந்தி வாசகம் எழுதிவிட்டார். நாகர்கோவிலுக்குப் போகும் சனிக்கிழமை பஸ்ஸில் கொடுத்தனுப்புவார், கப்பல் சீட்டையும் அன்றைக்கே திருப்பிவிடுவார். சொல்லிவிட்டு, பைக்குள் இருந்த அக்காளின் கடைசிக் கடிதத்தை எடுத்துப் பார்த்து, மடித்து, மறுபடி எடுத்துப் பார்த்தார். எழுத்துகள் எனக்கு மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தன.

நான் வெந்த மாப்பசையில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. போங்கள் என்று நான் சொன்னால் சாவிக்கு ஆசைப்பட்டுச் சொல்கிறேன் என்றாகும். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

செய்தியை உபதேசியார் வீட்டில் கொண்டுபோய்ச் சொன்னேன். அவர் மனைவி, கம்பி வலை அலமாரிக்குள் கருப்பட்டிப் பானையை வைத்துக்கொண்டிருந்தார்.

"நிக்கப் போறாவளா? எதுக்குட்டி?"

"நீங்க எல்லாரும் நிக்கச் சொன்னியளே, அக்கா."

"சொன்னோம். ஒருத்தர் எறங்கிப் போவும்போ சொல்லாம இருக்க முடியுமா? அதுக்காவ நிக்கியதா?"

அவருக்கு டாக்டரம்மாமேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. அவருடைய நான்கு பிள்ளைகளையும் எடுத்தது அந்தக் கைகள்தான். ஆனால் அழுது முடித்தாயிற்று. அழுத பிறகும் ஆள் அங்கேயே இருந்தால் அந்த அழுகையை எந்தக் கணக்கில் வைப்பது? ஸாரிடம் போனேன். அவர் சாய்வு நாற்காலியில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் எழுதினது இங்கிலீஷ் மக்கா. அத யாராவது நம்புவாவளா?"

போகச் சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். அக்காளைப் பற்றியும் சொன்னேன். அவர் முகம் உண்மையாகவே வாடிவிட்டது. ஆனாலும் வந்த விருந்தாளியைப் போ என்று எப்படிச் சொல்வது என்றார். உபதேசியாரும் அதையேதான் சொன்னார். சாகச் சொன்னாலும் சாவேன், அதை மட்டும் சொல்ல மாட்டேன் என்றார் குசினிக்காரர். என் வரிசையில் அது அஜீரணத்துக்குக் கொஞ்சம் மேலே.

சொல்வதற்குப் பதிலாக அவர்கள் செய்தது இன்னும் மோசம். நிற்கப் போகிறவருக்கு உட்கார நாற்காலி வேண்டுமே. அன்று மாலையே சாமான்கள் தலைச்சுமையாகப் பங்களாவுக்குத் திரும்பி வந்தன. அலமாரி வந்தது, கருப்பட்டி வாசனையும் கூட வந்தது. நிலைக்கண்ணாடி இரண்டு பேர் தூக்க, வயலையும் வானத்தையும் காட்டிக்கொண்டு வரப்பில் வந்தது. டாக்டரம்மா வராந்தாவில் நின்று, ஒவ்வொன்றும் இறங்க இறங்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாய்வு நாற்காலியோடு ஸாரே வந்திருந்தார். தான் தங்குவதில் அவர்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று அறிந்துகொள்ளலாமா என்று டாக்டரம்மா அவரை ஆங்கிலத்தில் கேட்டார். ஸார் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே, அது வார்த்தைகளுக்கு அப்பாற்பட்டது என்றார். டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார், பார்த்தாயா என்பதுபோல. நானும் என் தராசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒரு வீட்டுக்குப் போனோம். கைக்குழந்தைக்குக் காய்ச்சல். பார்த்து மருந்து கொடுத்துவிட்டு இறங்கும்போது வீட்டுக்காரி வழக்கம்போல வாசலில் மறித்தாள். கஞ்சியாவது குடிக்காமல் போனால் நான் உயிரோடு இருந்து என்ன பிரயோஜனம் என்றாள். டாக்டரம்மா வழக்கம்போலச் சிரித்து, "இருக்கட்டு, பின்ன ஒரு நாளைக்கு ஆவட்டும்" என்று குடையை விரித்தார். அவள் உயிரைப் பற்றி அவருக்குத் துளியும் கவலை எழவில்லை.

பின்னால் மருந்துப் பெட்டியோடு வந்துகொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். மறித்ததும் அதே மறிப்பு, மறிக்கப்பட்டவரும் அதே டாக்டரம்மா. வித்தியாசம் ஒன்றுதான். இது தமிழில் வந்தது, அது ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் வருகிற உயிரையும் சாவையும் நிறுத்துப் பார்க்க இந்த ஊர் அவருக்கு இத்தனை வருஷத்தில் ஒரு தராசு கொடுத்திருந்தது. ஆங்கிலத்தை அவர் நிறுக்கவே இல்லை. தாய்ப்பாலோடு வந்த பாஷையை யார் நிறுப்பார்கள்? அவருடைய ஊரில் துயரம் எவ்வளவு என்று தெரியுமா என்று ஒருவர் கேட்டால், அதில் பாதியாவது உண்மையாக இருக்கும் போலும்.

பெட்டியை வைத்துவிட்டு நேரே உபதேசியார் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவியிடம், நீங்கள் வந்து டாக்டரம்மாவைப் போகக் கூடாது என்று நிர்ப்பந்திக்க வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்குக் கிறுக்கு புடிச்சிருக்காட்டி? இன்னொருக்க நிர்ப்பந்திச்சா அவிய அந்தக் கப்பலையே வித்துருவாவ."

"தமிழ்ல சொல்லுங்க. உங்க வீட்டு வாசல்ல நின்னு சொல்லுத மாதிரி சொல்லுங்க. ஒண்ணும் கொறைக்காதிய."

குறைப்பதா என்று கேட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். எந்த வேலையிலும் அரைகுறை அவருக்குப் பிடிக்காது.

நாங்கள் போனபோது டாக்டரம்மா வராந்தாவில் சனிக்கிழமை பஸ்ஸுக்கான தந்தி உறையை ஒட்டிக்கொண்டிருந்தார். உபதேசியார் மனைவி படியில் ஏறி, இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தார். அங்கே யாரும் எங்கும் போகவில்லை; ஆனாலும் மறிக்காமல் அவருக்கு வாய் வராது.

"எங்கள விட்டுட்டுப் போலாமாம்மா? நீங்க போனா இந்த ஊரு சுடுகாடுல்லா. நான் செத்தா எம் பிணத்த யாரு பாப்பா? ஒரு மாசம் நின்னுட்டுப் போங்கம்மா. ஒரு வருசம் நில்லுங்க. போவவே போவாதிய."

டாக்டரம்மா உறையைக் கீழே வைத்தார். சிரித்தார். கை தானாகவே குடை சாத்தி வைத்திருந்த மூலைக்குப் போனது.

"இருக்கட்டு" என்றார், "பின்ன ஒரு நாளைக்கு..."

அங்கே நின்றுவிட்டது. குடையைப் பார்த்தார். படியில் கைவிரித்து நின்ற உபதேசியார் மனைவியைப் பார்த்தார். அந்த முகத்தில், மறைக்க எவ்வளவோ முயன்றும், நிம்மதி பரவிக்கொண்டிருந்தது. பல வீட்டு வாசல்களில் பார்த்த அதே நிம்மதி. பிறகு வராந்தா முழுக்க அடைத்துக்கொண்டிருந்த நாற்காலி, அலமாரி, நிலைக்கண்ணாடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கோயில்ல வாசிச்சதும் இதுதானா?" என்று என்னிடம் தமிழில் கேட்டார்.

ஆமாம் என்றேன். ஸார் கொஞ்சம் நன்றாக எழுதியிருந்தார், அவ்வளவுதான் என்றேன்.

டாக்டரம்மா சாய்வு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உபதேசியார் மனைவிக்கு என்ன நடந்தது என்று முழுவதும் விளங்கவில்லை. ஆனால் சிரிக்கிற இடத்தில் சிரிக்காமல் இருப்பதும் முறையல்ல என்று அவரும் சிரித்தார். அப்புறம் டாக்டரம்மா அந்த உறையை நான்காகக் கிழித்தார். அக்காளின் கடிதத்தை எடுத்து, மடியில் விரித்து, வெகுநேரம் மடிக்காமல் வைத்திருந்தார். போகலாம் என்று யாராவது சொல்ல வேண்டும் என்றுதான் அவர் அந்த வாரம் முழுக்கக் காத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சனிக்கிழமை சாமான்கள் மறுபடியும் தலைச்சுமையாக அவரவர் வீட்டுக்குப் போயின. வந்ததைவிட வேகமாகப் போனதாகக் குசினிக்காரர் சொன்னார். என் தராசும் என்னிடம் வந்தது. அலமாரியைத் தூக்கும்முன் உபதேசியார் மனைவி முறைக்கு ஒரு தடவை வேண்டாம் என்றார், ஒரு தடவைதான்.

அவர் கிளம்பின காலையில் ஊரே பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தது. கட்டிக்கொண்டு வந்த பலாச்சக்கை வற்றலும் முந்திரிக்கொத்தும் கொழும்பு வரைக்கும் இல்லை, இங்கிலாந்து வரைக்கும் போதும். அழுகை அதிகம் இல்லை. கோயிலில் குரலெடுத்து அழுதவர்கள் எல்லாம் பெட்டியைக் கட்டுவதிலும் கயிற்றை இழுப்பதிலும் மும்முரமாக இருந்தார்கள். ஸார் ஒன்றும் பேசவில்லை, ஆங்கிலத்திலும் பேசவில்லை. பஸ்ஸின் முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உபதேசியார் மனைவி, வெயில் ஏறுமுன் கிளம்புங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, டாக்டரம்மாவின் சட்டையில் இல்லாத தூசியைத் தட்டினார்.

நான் டிஸ்பென்சரிச் சாவியைக் கையில் வைத்திருந்தேன். டாக்டரம்மா பஸ் படியில் ஒரு கால் வைத்தவர் திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். நான் போவதில் நீ எவ்வளவு வருந்துகிறாய் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை, என்று. பாதியிலேயே தலையை ஆட்டி அதை விட்டுவிட்டார்.

"நான் போறதுல உனக்கு எவ்வளவு சங்கடம்?"

எவ்வளவு என்று யோசித்தேன். ஓடிப்போய்க் கூப்பிட வேண்டியவரே எதிரே நின்றார், பஸ்காரர் ஹாரனை அழுத்தினார், என் வரிசையில் எந்தச் சொல்லும் கைக்கு வரவில்லை.

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "சும்மாதான் வந்தேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி, முந்தானை இல்லாததால் சட்டை விளிம்பிலேயே துடைத்து, மாட்டிக்கொண்டார். என் அருகே வந்து குனிந்தார்.

"நாக்க நீட்டு" என்றார்.

நீட்டினேன். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.